கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் வீட்டில் இருப்பவர்களின் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் அப்பாவுக்குத் தொற்று வந்தது, வீட்டிலேயே இருந்து குணமாகிவிட்டார். ஆனால் அந்தப் பதினான்கு நாளும் அம்மா தூங்கவில்லை. தம்பி தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ஆறு வயது மகள், எப்போதோ நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கத்துக்குத் திரும்பினாள். நீங்கள் எல்லாருக்கும் தைரியம் சொல்லியே ஓய்ந்துபோனீர்கள். அம்மா இன்றைக்கும் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவுகிறார். மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் இதைவிட நன்றாகச் சமாளிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. நான் மனநல மருத்துவர் இல்லை, மனநல சமூகப் பணியாளர். 2020 ஏப்ரலிலிருந்து ஒன்றரை வருடம் சென்னையில் தொலைபேசி வழியாக ஆலோசனை கொடுத்த ஒரு குழுவில் இருந்தேன். அந்த அழைப்புகளில் கற்றதைத்தான் எழுதுகிறேன். ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சீக்கிரமே புரிந்துபோன விஷயம் ஒன்று: பயம் ஒருவரிடம் இருக்கும், அது வெளியே தெரிவது இன்னொருவரிடம். 2020 ஜூனில் வடசென்னையிலிருந்து ஒரு பெண் பேசினார். தெருவில் நாலு வீட்டுக்குத் தொற்று வந்து, தெருமுனையில் மாநகராட்சி தகரம் அடித்திருந்த சமயம். மாமியார் ஒரு நாளைக்கு இருபது தடவை எல்லாரையும் கை கழுவச் சொல்கிறார், கழுவாவிட்டால் அழுகிறார், என்ன செய்வது என்று கேட்டார். மாமியாரிடம் பேசினேன். கிருமியைப் பற்றி ரெண்டு நிமிஷம் பேசினார். மீதி இருபது நிமிஷமும் மகனைப் பற்றி. பட்டறையில் ரெண்டு மாதமாகக் கூலி இல்லை, வீட்டு வாடகை பாக்கி, அது மருமகளுக்குத் தெரியாது, தெரிந்தால் உடைந்துபோவாள் என்று மகன் வாயைக் கட்டியிருக்கிறான். அந்த அம்மாவுக்குச் சொல்லக்கூடிய ஒரே பயம் கொரோனாவாக இருந்தது. அதனால் எல்லாப் பயத்தையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார். சோப்பைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை. மகனைப் பேசவைத்து, வீட்டுக்காரரிடம் தவணை கேட்கச் சொன்னோம். கை கழுவும் சண்டை தானாகவே பாதியாகக் குறைந்தது.

அதனால்தான் யாராவது பதறினால் "பயப்படாதே" என்று ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். அதில் தகவலும் இல்லை, உதவியும் இல்லை. "பயப்படுவது என் தப்பு போல" என்ற எண்ணம்தான் கேட்பவருக்கு மிஞ்சும். அதற்குப் பதிலாக, "எதை நினைச்சாப் பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் "எல்லாத்தையும்தான்" என்று வரும். கொஞ்சம் பொறுத்தால் ரெண்டாவது பதில் வரும். "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா நம்மள உள்ள விட மாட்டாங்கல்ல?" என்பது மாதிரி. இதற்கு ஏதாவது செய்ய முடியும். போன், சார்ஜர், மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல், ரெண்டு வேட்டி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைக்கலாம். எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி, யார் கூடப் போவது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். அந்தப் பை கடைசிவரை வாசலைத் தாண்டாமலே போகலாம். ஆனால் அதைக் கட்டிவைத்த அன்று ராத்திரி வீடு தூங்கியதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. "எனக்கு வாசனை தெரியுதா பாரு", "நெத்தி சுடுதா பாரு", "ஒண்ணும் ஆகாதுல்ல?" ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அரைமணி நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும், அப்புறம் கேள்வி திரும்பி வரும். கேட்டால் நிம்மதி கிடைக்கும் என்பதை மூளை பழகிக்கொள்கிறது, அதனால் இன்னும் சீக்கிரம் கேட்கச் சொல்கிறது. கோபப்படாமல், "சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து பேசுவோம், அதுவரைக்கும் நோட்டுல எழுதி வைங்க" என்று தள்ளிவையுங்கள். ஆறு மணிக்கு உண்மையிலேயே உட்காருங்கள், இருபது நிமிடம் போதும். காலையில் எழுதியதில் பாதி அப்போது பழசாகியிருக்கும். கவலைக்கு நேரம் ஒதுக்கும் இந்த முறையை உளவியல் ஆலோசகர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கேட்க விளையாட்டாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2021 மே மாதத்தில் எங்களுக்கு வந்த ராத்திரி அழைப்புகளில் முக்கால்வாசி அந்த நாலு விரல்கடைக் கருவியைச் சுற்றித்தான். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம் அது. ஆம்புலன்ஸ்கள் அரசு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலை மாட்டினால் என்ன ஆகும்? 97 வரும், 96 வரும், கை சில்லென்று இருந்தால் 91 கூடக் காட்டும். 91-ஐப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், "பார்த்தீங்களா, மூச்சு முட்டுது" என்று எல்லாரும் எழுந்து உட்கார்வார்கள்.

நாங்கள் சொன்னது இதுதான். ஒரு நாளைக்கு நாலு வேளை பார்த்தால் போதும். இடையில் உடம்புக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் மட்டும் கூடுதலாக ஒருமுறை. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். நேரத்தோடு எழுதி வையுங்கள். 94-க்குக் கீழே போய், மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் டாக்டருக்குப் போன். அதற்கு மேலே இருந்தால் கருவி பெட்டிக்குள் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு: வீட்டில் அதிகம் பயப்படுகிறவர் கையில் கருவியைக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இந்த வேலையை எடுத்துக்கொண்டு, தாத்தாவுக்கு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதி வைத்தான். தாத்தாவைவிட அவனுக்குத்தான் அது மருந்தாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பதற்றத்தில் வரும் மூச்சுத்திணறலுக்கும் நுரையீரல் கெட்டு வருவதற்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. பதற்றத்தில் மூச்சை வேகவேகமாக விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்து, கூசும். தலை லேசாகச் சுற்றும். செத்துவிடுவோம் என்றே தோன்றும். ஆனால் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டும். பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய், அரைமணிக்குள் அடங்கும். அப்போது செய்ய வேண்டியது மூச்சை மெதுவாக விடுவது. "இழுத்து மூச்சு விடு" என்று சொல்வோம், அதில் இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே செய்யுங்கள். சினிமாவில் காட்டுவது போலக் காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லாதீர்கள், உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்தவருக்கு அது ஆபத்து. கொரோனாவில் இதற்கு நேரெதிரான கொடுமையும் இருந்தது. ஆக்சிஜன் 88-க்கு இறங்கியும் ஒன்றும் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆகவே பயத்தை நம்பியும் முடிவெடுக்க முடியாது, தைரியத்தை நம்பியும் முடியாது. எண்ணைப் பாருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அதுவும் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர் என்றால், பதற்றம்தான் என்று நாமே தீர்ப்பு சொல்லக்கூடாது. முதலில் ஈசிஜி.

செய்தி பார்ப்பதைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். 2020-இல் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பீலா ராஜேஷ் மாலைதோறும் எண்ணிக்கை சொல்வதைக் குடும்பமே உட்கார்ந்து பார்த்தது நினைவிருக்கும். அது ஒன்று போதுமானது. அதற்குப் பிறகு வாட்ஸப்பில் ராத்திரி பதினோரு மணிவரை வந்ததில் உபயோகமானது அநேகமாக எதுவும் இல்லை. வீட்டில் ஒருவர் ஒருவேளை பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். படுக்கப்போகும் முன் வேண்டாம். மூட்டையாகச் சரக்கு வாங்கும் பயம் வேறு. 2020 ஏப்ரல் 26-இலிருந்து சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று முன்கூட்டியே அறிவித்ததும், 25-ஆம் தேதி காய்கறிக் கடைகளில் என்ன கூட்டம்! எதற்குப் பயந்தார்களோ அதன் நடுவிலேயே போய் நின்றார்கள். ஒரு மாத மாத்திரை, பத்து நாள் மளிகை எப்போதும் வீட்டில் இருக்கும்படி பழக்கிக்கொண்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது ஓட வேண்டியதில்லை.

வயதானவர்களிடம் நாம் செய்யும் பெரிய தப்பு, அவர்கள் சாவைப் பற்றிப் பேசினால் வாயை அடைப்பது. "நான் போயிட்டா..." என்று ஆரம்பித்ததும் "சும்மா இருங்க, அச்சானியமாப் பேசாதீங்க" என்கிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அவருக்கு அந்தப் பேச்சைக் கொட்ட இடமில்லாமல் போகிறது. எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் மூன்று வாரமாகச் சாப்பாட்டைத் தள்ளுகிறார் என்று பேரன் பேசினான். கேட்கச் சொன்னோம், கேட்டான். வங்கிப் புத்தகம் எந்தப் பெட்டியில், எந்தப் புடவை யாருக்கு, பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு போய்விடக்கூடாது என்று பாட்டி ஒரு மணி நேரம் பேசினார். கடைசியாகச் சொன்னதற்கு அவனிடம் பதில் இல்லை, இருந்தாலும் எழுதிக்கொண்டான். மறுநாள் காலை பாட்டி காபி கேட்டார்.

அவர்களுக்கு ஒரு வேலையும் வேண்டும். கோயில், நடைப்பயிற்சி, ரேஷன் கடை வரிசை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் மிஞ்சுவது தொலைக்காட்சிதான். கீரை ஆய்வது, பேத்திக்குக் கதை சொல்வது, உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பது என்று ஏதாவது ஒன்று அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். தடுப்பூசி விஷயத்தில் வாதாடி யாரையும் ஜெயிக்க முடியாது. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே விளக்கினார்கள். ஆனாலும் நிறையப் பெரியவர்கள் பின்வாங்கினார்கள். "படிச்சவங்க சொன்னாங்க" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. பத்து வருஷமாக அவருக்கு ஊசி போடும் தெரு டாக்டரோ, ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஒன்றுவிட்ட அக்காவோ சொன்னால் கேட்பார்.

குழந்தைகள் கேள்வியாகக் கேட்க மாட்டார்கள். வயிற்று வலி, படுக்கை நனைத்தல், அம்மாவின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொள்வது, இப்படித்தான் வரும். உங்கள் மகள் செய்தது வழக்கமானது, திட்டாமல் துணியை மாற்றிவிட்டால் வாரங்களில் சரியாகும். அவளிடம் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: "தாத்தாவுக்குக் காய்ச்சல். அந்த ரூம்ல இருக்கார். தினமும் சாயங்காலம் ஜன்னல்ல பார்க்கலாம்." கதவு மூடியிருக்கிறது, எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் குழந்தை தானே ஒரு கதை கட்டும். அது நம் கதையைவிடப் பயங்கரமாக இருக்கும். பல குழந்தைகள் தான் செய்த குறும்பால்தான் தாத்தாவுக்கு நோய் என்றும் நம்பிவிடுகின்றன. "இது உன்னால வரல" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். தம்பி வயதுக்காரர்களின் பயம் கோபமாகத்தான் வெளிவரும். பத்தாம் வகுப்புத் தேர்வு உண்டா இல்லையா என்று 2020-இல் ஜூன் 9-ஆம் தேதிவரை இழுத்துவிட்டு ரத்து செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் ரெண்டரை மாதம் அந்தரத்தில் தொங்கினார்கள். அவர்களிடம் "ஏன் இப்படிக் கத்துற?" என்பதைவிட, வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்வரும் பொறுப்பைக் கொடுப்பது நல்லது.

பதற்றம் மாதிரி தெரிந்து பதற்றமாக இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். வெளி மாவட்டங்களில் மே மாதம் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்கள், சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. மூடிய முதல் வாரத்தில் வந்த அழைப்புகள்: "அவருக்குக் கொரோனா பயம் தலைக்கேறிடுச்சு, கை நடுங்குது, வேர்த்து ஊத்துது, சுவத்துல பூச்சி ஓடுதுங்கறார்." தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கம் வரும், ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், ரெண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து மனம் குழம்பலாம். உயிருக்கே ஆபத்து. திருநீறு போடுவதோ, கட்டிவைப்பதோ, சானிடைசரை ஒளித்துவைப்பதோ தீர்வாகாது (குடித்துவிடாமல் இருக்கச் சானிடைசரை ஒளிக்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்). உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் தரும் மாத்திரையின் துணையோடு குடியை நிறுத்தினால் இதெல்லாம் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. அங்கே இருக்கும் பயம் நியாயமான பயம். "உட்கார்ந்து பேசுங்கள்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஊரடங்கில் போன் பேசவே தனிமை கிடைக்காது என்பதால், குப்பை கொட்டப் போகும்போது பேசிய பெண்களை எனக்குத் தெரியும்.

சரி, ஒரே அறை வீட்டில் இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் வந்த அறிவுரைகளில் பாதி "அமைதியான தனி அறையில் அமருங்கள்" என்று ஆரம்பித்தன. ஆறு பேர் இருக்கும் வீட்டில் அந்த அறை எங்கே? ராயபுரத்துக் குடும்பம் ஒன்று தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. மொட்டை மாடியை முறை வைத்துப் பங்கு போட்டார்கள். ஆளுக்கு அரைமணி, அந்த நேரத்தில் யாரும் மேலே போகக்கூடாது, மாமியாருக்கும் அதே விதி. என்னிடம் யாராவது ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வீட்டில் எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவர் பெருமூச்சு விட்டாலே ஆறு பேருக்கும் தொற்றும்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தவர் நீங்கள், உங்களிடம் யாராவது கேட்டார்களா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ராத்திரி முறை மாற்று கட்டாயம் வேண்டும். ஒருவர் இரண்டு மணிவரை, இன்னொருவர் அதற்கு அப்புறம். தொடர்ந்து அஞ்சு மணி நேரமாவது தூங்காத ஆளால் யாரையும் அமைதிப்படுத்த முடியாது. "எனக்கும் பயமா இருக்கு, ஆனா இன்னிக்கு என்ன செய்யணும்னு தெரியும்" என்று வீட்டில் சொல்லலாம். பொய்யான சிரிப்பை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், முக்கியமாகக் குழந்தைகள்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. பெருந்தொற்றின் முதல் வருடத்தில் உலகம் முழுக்கப் பதற்றநோயும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் இருந்தால் உதவி கேளுங்கள். செத்துப்போனால் நல்லது என்ற பேச்சு வந்தால் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. 2022 அக்டோபரிலிருந்து டெலிமானஸ் என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

கடைசியாக அம்மாவின் பால் பாக்கெட். தண்ணீரில் அலசுவதில் ஒன்றும் தப்பில்லை, சோப்பு போடாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் தொந்தரவு. கேலி செய்யாதீர்கள், பாக்கெட்டைப் பிடுங்கவும் வேண்டாம். தினமும் மூன்று பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால், ஒன்றை மட்டும் வெறும் தண்ணீரில் அலசி வைக்க அவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். எந்தப் பாக்கெட் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். வைத்ததும் நெஞ்சு அடிக்கும், போய்க் கழுவிவிட்டு வரலாமா என்று இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசுங்கள். அரைமணியில் படபடப்பு தானாக இறங்குவதை அவரே பார்ப்பார். ஒரு வாரம் அப்படியே போகட்டும், அப்புறம் ரெண்டாவது பாக்கெட். முதல் நாள் அந்தப் பாலில் போடும் காபியை நீங்கள் குடியுங்கள், அவர் பார்க்கும்படி.